சிக்கரிக்கு வந்த சோதனை

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் நான் மாடியில் குடியிருக்கிறேன். கீழ்வீட்டு அம்மாளுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, நிமிடம் பிசகாமல், ஐயர்ஷெக்கே என்ற டிரெஸ்டன் கேக்கைத் தட்டில் ஏந்தியபடி மாடியேறி வந்தார். நான் என் ஊர்ப் பெருமையையெல்லாம் திரட்டி, சிக்கரி கலந்த தூளில் ஒரு காபி போட்டேன். முதல் டிகாக்‌ஷன், அப்போதுதான் பொங்கிய பால், அளவான சர்க்கரை, டம்ளருக்கும் டவராவுக்குமாக நான்கு ஆற்று. ஒரு வாய் உறிஞ்சினார். கண்ணை மூடினார். அம்மாள் சொக்கிவிட்டார் என்று நான் மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே கண்ணைத் திறந்து சொன்னார்: "இந்த ருசி எனக்குத் தெரியும். 1977-இல் அரசாங்கம் எங்கள் தலையில் கட்டிய கலப்புக் காபி. இந்தியாவிலும் பஞ்சமா?"

மாயவரத்துக்காரனிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது? சண்டை போடும் அளவுக்கு எனக்கு ஜெர்மன் வராது என்பதால் சிரித்து மழுப்பினேன். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. டம்ளரைக் காலி செய்ததோடு, இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்றும் கேட்டார். ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மாலையில் நான் குடித்த காபியின் எண்ணிக்கைதான் காரணம் என்றாள் மனைவி. அவள் திருநெல்வேலிக்காரி, தேநீர்க் கட்சி. இந்த விஷயத்தில் அவள் கருத்தை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

அந்த அம்மாள் சொன்ன கதையைத் தேடிப் படித்தேன். 1975-இல் பிரேசிலில் விழுந்த உறைபனி காபித் தோட்டங்களைக் கருக்கிவிட, உலகச் சந்தையில் விலை எகிறியது. அந்நியச் செலாவணிக்குத் தவித்துக்கொண்டிருந்த கிழக்கு ஜெர்மனி (டிரெஸ்டன் அப்போது அந்த நாட்டில்தான் இருந்தது), 1977-இல் 'காஃபே மிக்ஸ்' என்ற சரக்கைக் கடைகளில் வைத்தது. அதில் 51 சதவீதம்தான் காபி. மிச்சத்தில் சிக்கரி, ரை தானியம், பட்டாணி, சர்க்கரை பீட் என்று கையில் அகப்பட்டதெல்லாம். எதற்கும் வாய் திறக்கத் தயங்கிய ஜனங்கள் காபிக்காகத் திறந்தார்கள். அரசுக்குப் புகார்க் கடிதங்கள் குவிந்தன. உணவகங்களின் காபி இயந்திரங்களில் பட்டாணி மாவு சூட்டில் வீங்கி அடைத்துக்கொண்டது. நாட்டுத் தலைவர் எரிஷ் ஹோனெக்கரின் பெயரையே அந்தக் காபிக்கு வைத்துக் கேலி செய்தார்கள். பிற்பாடு அந்த அரசு வியட்நாமோடு ஒப்பந்தம் போட்டுக் காபித் தோட்டம் வளர்க்கப் பணம் கொடுத்தது. செடி வளர்ந்து காய்த்துப் பலன் தருவதற்குள் கிழக்கு ஜெர்மனி என்ற நாடே இல்லாமல் போய்விட்டது.

என்னைத் தூக்கிவாரிப் போட்டது அந்த 51. நம் நாட்டுச் சட்டப்படியும் சிக்கரி கலந்த காபித்தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. சிக்கரி 49 வரை போகலாம். அங்கே ஒரு அரசாங்கத்தையே நடுங்க வைத்த கணக்கு, நம் மளிகைக்கடை அலமாரியில் பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. யாரும் கடிதம் எழுதியதாகத் தெரியவில்லை.

ஆனால் நான் 49 ஆசாமி இல்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன். எங்கள் வீட்டில் 80-க்கு 20. காபிக் கொட்டையில் பீபெரி ரகம் பாதி, பிளான்டேஷன் ரகம் பாதி; மொத்தத் தூளில் சிக்கரி ஐந்தில் ஒரு பங்கு. கடைத்தெருவில் வறுத்து அரைக்கும் கடைக்கு அப்பா என்னைத்தான் அனுப்புவார். கடைக்காரர் கேட்காமலே தராசில் நிறுத்து, அரவை இயந்திரத்தின் வாயில் கொட்டி, கடைசியில் சிக்கரித் தூளைச் சேர்த்துக் கிளறுவார். சூடு ஆறாத பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மணிக்கூண்டுப் பக்கமாக நடந்து வந்தால், எதிரில் வருகிறவர்கள் மூக்கை வைத்தே இன்னார் வீட்டுப் பையன் என்று சொல்லிவிடுவார்கள்.

மூக்கு என்றதும் இன்னொன்று. பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக் 1781-இல் காபி வறுக்கும் உரிமையை அரசுக்கே வைத்துக்கொண்டார். காபிக்காகப் பணம் வெளிநாட்டுக்குப் போகிறதே என்ற கவலை. திருட்டுத்தனமாக வறுக்கிறவர்களைப் பிடிக்க, ஓய்வுபெற்ற படைவீரர்களைத் தெருத் தெருவாக மோப்பம் பிடிக்க அனுப்பினார். காசில்லாத ஜனங்கள் சிக்கரி வேரை வறுத்துக் குடித்தார்கள். எங்கள் தெருவில் அந்த வீரர்கள் காலை ஐந்தரைக்கு நுழைந்திருந்தால் பிள்ளையார் கோயில் குருக்கள் உட்பட அத்தனை பேரையும் கட்டி இழுத்துப் போயிருக்க வேண்டும். ஆக, சிக்கரியைக் கண்டால் இவர்கள் முகம் சுளிப்பதற்கு இருநூறு வருடத்துக்கு மேற்பட்ட காரணம் இருக்கிறது. இல்லாமையின் ருசி அது. அலுவலகத்தில் ஒருவரிடம் சிக்கரியைப் பற்றிப் பேசினேன். சிறு வயதில் பாட்டி வீட்டில் பார்லியும் சிக்கரியும் கலந்த தூளைப் பாலில் கரைத்துக் குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள் என்றார். என் காபியைப் பாலாடைச் சங்கில் புகட்டும் வஸ்துவாக்கிவிட்டார்.

சிக்கரியின் தரப்பில் யாராவது பேச வேண்டாமா? வறுத்த சிக்கரி தண்ணீரில் காபியைவிட அதிகமாகக் கரையும். டிகாக்‌ஷனுக்குக் கறுப்பையும் கனத்தையும் கொடுப்பது அதுதான். பால் ஊற்றினாலும் காபி தன் முகத்தை இழக்காமல் நிற்பது அதனால்தான். பால் கலக்காமல் குடிக்கிறவர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது. போதாததற்கு இந்தச் சாக்ஸனி மாநிலத்துக்காரர்களுக்கு ஒரு பழைய கேலிப்பெயரே உண்டு: மைசன் பீங்கான் கோப்பையின் அடியில் வரைந்திருக்கும் பூ தெரியும் அளவுக்கு நீர்த்த காபி குடிக்கிறவர்கள் என்று. பூ தெரியக் குடித்தவர்கள் எனக்குக் கலப்படம் பற்றிப் பாடம் எடுக்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை, சிக்கரிச் செடி இந்த ஊர்த் தெருவோரத்துக் களை. கோடையில் டிராம் தண்டவாளம் ஓரமாக நீலப் பூக்களோடு நிற்கும். காலையில் விரிந்து மதியத்துக்குள் மூடிக்கொள்ளும். 2009-இல் ஜெர்மனியில் அதை ஆண்டின் மலராகக்கூடத் தேர்ந்தெடுத்தார்கள். மலருக்கு மாலை மரியாதை, வேருக்கு அவமரியாதை.

மற்றபடி நான் இங்கே நன்றாகவே ஊன்றிவிட்டேன். குப்பையை நிறம் பார்த்துப் பிரிக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மிக்ஸி ஓட்டுவதில்லை. நான் குடியிருக்கும் இந்த டிரெஸ்டனில்தான் மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசி 1908-இல் காகித ஃபில்டரைக் கண்டுபிடித்தார். பித்தளைப் பாத்திரத்தின் அடியில் ஆணியால் துளை போட்டு, மகனின் பள்ளி நோட்டிலிருந்து மையொற்றுத் தாளைக் கிழித்து அதன்மேல் வைத்தாராம். துளை போட்ட பித்தளை வரைக்கும் அம்மையார் நம் வழியில்தான் வந்திருக்கிறார். அந்தத் தாளை மட்டும் வைக்காமல் இருந்திருந்தால் கும்பகோணத்துக்கு ஒரு கிளை இங்கே திறந்திருக்கலாம்.

அலுவலகத்தில் அவர்களுடைய காபியையே குடிக்கிறேன். வீட்டிலும் சில வாரங்கள் காகித ஃபில்டரில் போட்டுப் பார்த்தேன். பழுது இல்லை, தெளிவாக இருந்தது. தெளிவை வைத்துக்கொண்டு பாலில் என்ன செய்வது? பித்தளை ஃபில்டருக்கே திரும்பினேன். நொய்ஸ்டாட் பகுதியில் வறுத்துத் தரும் கடை ஒன்றில் மான்சூன்ட் மலபார் கொட்டை கிடைக்கிறது. நம் நாட்டு மேற்குக் கடற்கரையின் பருவக்காற்றில் ஊறிய கொட்டை. கிலோவுக்கு 2.19 யூரோ காபி வரி என்று அரசாங்கம் தனியாக வாங்கிக்கொள்கிறது. மோப்பம் பிடிக்க ஆள் அனுப்புவதற்கு இது எவ்வளவோ தேவலை.

ஃபில்டர் அடைத்துக்கொள்ளும்போதுதான் ஊர் நினைவு வந்து கழுத்தைப் பிடிக்கும். அம்மா மேல் பாத்திரத்தை இடுக்கியில் பிடித்து அடுப்பு நெருப்பில் காட்டுவாள். துளைகளில் சிக்கிய தூள் பொறி பறந்து எரியும். கருகல் வாசனை சமையலறையைத் தாண்டிக் கூடத்துக்கு வரும். பிறகு தரையில் இரண்டு தட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் நட்சத்திரக் கூட்டம். இங்கே கண்ணாடித் தட்டு அடுப்பு. நெருப்பே கிடையாது. டிசம்பர் காலை ஏழரைக்கு வெளியே இன்னும் விடியாத இருட்டு. நான் ஜன்னலருகில் உட்கார்ந்து குண்டூசியால் துளைகளை ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டிருக்கிறேன். பிள்ளை பள்ளிக்குக் கிளம்பும்போது, "அப்பா தையல் வேலை முடிந்ததா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

பால் விஷயத்தில் குறை சொல்ல மாட்டேன். ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் பணம் போட்டால் கறந்த பால் கொட்டும் இயந்திரம் இருக்கிறது. "காய்ச்சாத பால், அருந்துமுன் கொதிக்க வைக்கவும்" என்று சட்டப்படி அதன்மேல் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். பாலைக் காய்ச்சாமல் அப்படியே குடிக்கும் இந்தத் தேசத்தில் என் அம்மாவின் குரலை நான் கேட்ட ஒரே இடம் அது.

கீழ்வீட்டு அம்மாளுக்கு அந்த நாளில் மேற்கு ஜெர்மனியின் ஹானோவரிலிருந்து அவருடைய அத்தை பார்சல் அனுப்புவாராம். மேற்கிலிருந்து வரும் பார்சலில் காபி கட்டாயம் இருக்கும். பிரிக்கும் முன்பே படிக்கட்டு முழுவதும் மணந்துவிடும், எந்த வீட்டுக்கு வந்திருக்கிறது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை என்றார். எனக்கு அம்மா அனுப்புவதும் அப்படித்தான். மூன்று பிளாஸ்டிக் பை, அதற்கு மேல் அப்பாவின் பழைய வேட்டி. அப்படியும் உள்ளே இருக்கும் அப்பளம், வடகம், பிள்ளைக்கு எடுத்த பாவாடை எல்லாம் காபியாக மணக்கும்.

இந்தக் கதையையெல்லாம் பெங்களூரில் இருக்கும் தம்பிக்குச் சொல்லி ஆதரவு தேடினேன். அவன் இப்போது வேறு மதத்துக்குப் போய்விட்டான். சிக்கமகளூரில் ஒரே தோட்டத்துக் கொட்டை, கிராம் கணக்காகத் தராசு, கொக்குக் கழுத்துக் கெண்டி, பால் கிடையாது, சர்க்கரை கிடையாது. "அந்த அம்மாள் சொன்னதுதான் சரி. சிக்கரி கலப்பது கொட்டையின் தரத்தை மறைக்கத்தான்" என்றான். கூடப் பிறந்தவன் சொன்னது கீழ்வீட்டுக்காரி சொன்னதைவிடச் சுட்டது.

நேராக அம்மாவுக்குத் தொலைபேசினேன். நம் வீட்டில் எந்தக் காலத்திலாவது 80-க்கு 20 மாறியிருக்கிறதா, அவனுக்கு நீயே சொல் என்றேன்.

அம்மா சிரித்தாள். "மாதம் பிறந்தால் 80-க்கு 20. அப்பாவின் சம்பளத்தில் இருபதாம் தேதிக்கு மேல் அது கட்டுப்படியாகுமா? 60-க்கு 40 வாங்கிவரச் சொல்லிச் சீட்டு எழுதித்தான் உன்னை அனுப்புவார். பிரித்துப் பார்த்ததே இல்லையா நீ? மாதக் கடைசியில்தான் இரண்டாவது டம்ளர் கேட்டு அடம் பிடிப்பாய்."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு, அடுத்த பார்சலுக்கு எவ்வளவு தூள் அரைக்கச் சொல்லட்டும் என்று கேட்டாள்.

"அரைக் கிலோ போதும்" என்றேன். "60-க்கு 40. தம்பியிடம் சொல்லிவிடாதே."