கார்த்திக் சுவாமி மலையில் கரடித் தடம்

தில்லி ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திரில் செவ்வாய்தோறும் சுவாமிநாதனைத் தரிசிக்கும் எங்களுக்கு, உத்தராகண்டின் ருத்ரப்பிரயாகை மாவட்டத்தில் கோயில் கொண்டிருக்கும் கார்த்திக் சுவாமியையும் ஒருமுறை கண்டுவிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. தை பிறந்ததும் மனைவியுடன் புறப்பட்டு, ரிஷிகேஷ் வழியாகக் கனக்சௌரி சென்று தங்கினேன். அங்கிருந்து கோயிலுக்கு 3 கி.மீ. நடை.

இம்முறை பனியே விழவில்லை. சுமார் 3,050 மீட்டர் உயரத்துக்கு ஏறும் பாதையில் சருகுகள்தாம் நொறுங்கின. நடக்க எளிதாயிற்று என்று நான் மகிழ்ந்துகொண்டிருந்தபோது, உடன் வந்த உள்ளூர்ப் பெரியவர் ஓர் ஓக் மரத்தடியில் நின்று, "பாலூ" என்றார். கரடி! மரப்பட்டையில் ஐந்து கீறல்கள் என் தலைக்கு மேலே தொடங்கி இடுப்புவரை இணையாக இறங்கியிருந்தன. உள்மரத்தில் ஈரம்கூடக் காயவில்லை. உச்சிக் கவட்டில் முறிந்த கிளைகள் பரண்போலக் குவிந்திருந்தன. கரடி அங்கே அமர்ந்து, கிளைகளைத் தன்பக்கம் வளைத்து முறித்துக் கொட்டைகளைத் தின்றிருக்கிறது. பாதையோரம் கிடந்த எச்சத்திலும் அதே கொட்டைத் தோல்கள்.

மார்பில் வெள்ளைப் பிறை தாங்கிய இமயத்துக் கருங்கரடி, குளிர் கடுத்து இரை அற்றுப்போகும்போதுதான் குகையிலோ மரப்பொந்திலோ முடங்கி உறங்கும். குளிரும் இல்லை, இரையும் உண்டு என்றால் அது ஏன் உறங்க வேண்டும்?

திருப்பங்களில் அதைத் திடுக்கிட வைத்துவிடாதபடி உரக்கப் பேசிக்கொண்டே வாருங்கள் என்றார் பெரியவர். மனைவி கந்தர் சஷ்டி கவசத்தைத் தொடங்கினாள். புலி, நரியோடு கரடியும் அஞ்சி ஓட வேண்டும் என்று அதில் ஓரிடம் வரும். முப்பது ஆண்டுகளாகத் தில்லிக் குடியிருப்பில் அமர்ந்து அந்தச் சொல்லைக் கடகடவென்று கடந்துபோன என் நாக்கு, அன்று அங்கே தடுக்கி நின்றது.

சந்நிதியைச் சுற்றிலும் வேண்டுதல் மணிகள் கொத்துக்கொத்தாகத் தொங்கின, எதிரே சௌகம்பா பனிச்சிகரம். உலகை வலம் வந்தும் பழத்தை இழந்த பிள்ளை நமக்குப் பழநிக்குப் போனான் என்றால், இங்கே தன் எலும்பைத் தந்தைக்கே அளித்தான் என்கிறார்கள்.

இறங்கும்போது பெரியவர், "நீங்கள் பாடியதில் பாலூவும் உண்டா?" என்று இந்தியில் கேட்டார். உண்டு என்று சொல்லைச் சொல்லிக்கொடுத்தோம். கனக்சௌரி வரும்வரை ஒவ்வொரு திருப்பத்திலும், "கரடி, கரடி" என்று குரல் கொடுத்துக்கொண்டே முன்னால் நடந்தார்.