பனி விலகிய ஏரியில் பாஸ்: வசந்தகால நாட்குறிப்பு, 2024

ஏப்ரல் 6, சனி

மிச்சிகன் மாநிலத்தில் மீன்பிடி உரிமம் ஏப்ரல் முதல் தேதி தொடங்கி மறு ஆண்டு மார்ச் 31 வரை செல்லும் என்பதால், எங்கள் மூவருக்கும் ஒரு வருடப்பிறப்பு சித்திரைக்கு முன்பே வந்துவிடுகிறது. கார்த் தொழிலை நம்பி டெட்ராய்ட் வட்டாரத்துக்கு வந்தவர்கள் நாங்கள். திருநெல்வேலிக்காரரான அண்ணாச்சி வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. தஞ்சைப் பக்கத்தவனான நான் அவருக்குப் பின். ஓசூர்த் தம்பி வந்தது சென்ற ஆண்டுதான். படகு அண்ணாச்சியுடையது. பதினேழு அடி அலுமினியப் படகு, பழையது, ஆனாலும் இன்ஜின் சொன்ன பேச்சைக் கேட்கும். இன்று அதன் தார்ப்பாயை விலக்கி, பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றி, டிரெய்லர் சக்கரங்களுக்கு கிரீஸ் வைத்தோம்.

தம்பிக்கு விதிகளை விளக்குவதற்கே ஒரு மணி நேரம் ஆனது. பாஸ் மீனைப் பிடித்த உடனே தண்ணீரில் விட்டுவிடுவதாக இருந்தால் ஆண்டு முழுவதும் பிடிக்கலாம். 2015 முதல் இங்கே அதுதான் விதி. வீட்டுக்கு எடுத்துச் செல்வதென்றால், மாநிலத்தின் மற்ற பெரும்பாலான நீர்நிலைகளில் மே மாதக் கடைசி வரையிலும், நாங்கள் போகிற செயின்ட் கிளேர் ஏரியில் ஜூன் மாத மூன்றாம் சனிக்கிழமை வரையிலும் காத்திருக்க வேண்டும். அதன் பிறகும் பதினான்கு அங்குலத்துக்குக் குறையாத மீன்களாக, நாளொன்றுக்கு ஐந்துதான்.

"சமைக்க முடியாத மீனுக்கு எதுக்கு அண்ணாச்சி இவ்வளவு பாடு?" என்றார் தம்பி. அண்ணாச்சி பதில் சொல்லவில்லை. கிரீஸ் டப்பாவை அவர் கையில் கொடுத்து அடுத்த சக்கரத்தைக் காட்டினார்.

ஏப்ரல் 20, சனி

விடிவதற்குள் ஹாரிசன் டவுன்ஷிப்பில் உள்ள ஹார்லி என்சைன் பொதுப் படகுத்துறைக்குப் போய்விட்டோம். குளிர் காதைக் கடித்தது. படகைச் சரிவில் பின்னோக்கி இறக்கி, டிரெய்லரிலிருந்து விடுவித்து, அண்ணாச்சி இன்ஜினை முடுக்கிய சிறிது நேரத்தில், "காலுக்கடியில் தண்ணீர் வருகிறதே" என்று தம்பி மிகுந்த மரியாதையோடு தெரிவித்தார். படகின் பின்புறத்து வடிகால் துளையை அடைக்கும் தக்கை காரின் கோப்பைக் குழியில் பத்திரமாக இருந்தது.

இது மறதி மட்டும் அன்று. ஒரு நீர்நிலையின் உயிரினங்கள் இன்னொன்றுக்குத் தொற்றிச் செல்லாதிருக்க, படகைச் சாலையில் இழுத்துச் செல்லும்போது தக்கைகள் அனைத்தையும் கழற்றித் தண்ணீரை வடித்திருக்க வேண்டும் என்ற மிச்சிகன் சட்டம் 2019இல் நடைமுறைக்கு வந்தது. கழற்றுவதற்குச் சட்டம் இருக்கிறது. திரும்ப மாட்டுவதற்குத்தான் யாரும் சட்டம் போடவில்லை. நீர் இறைக்கும் பம்ப் கால் மணி நேரம் ஓடியது. அண்ணாச்சி அதுவரை யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஏரியின் ஆங்கர் விரிகுடாவில் நீரின் வெப்பம் 47 டிகிரி பாரன்ஹீட். நாங்கள் தேடிச் சென்ற ஸ்மால்மவுத் பாஸ் இந்தக் குளிரில் இரையைத் துரத்தாது. குளிர்காலத்தை ஆழத்தில் கழித்துவிட்டு, வெயில் பட்டுச் சற்றே சூடேறிய மேடுகளை நோக்கி மெல்ல நகரும். வழியில் ஆறேழு அடி ஆழத்தில் கூட்டமாக நின்றுவிடும். ஆகவே மிதக்காமலும் மூழ்காமலும் நடுநீரில் நிற்கிற ஜெர்க்பெய்ட் என்ற மீன்வடிவச் செயற்கை இரையை எறிந்து, இரண்டு முறை வெடுக்கென்று இழுத்து, பிறகு சும்மா இருக்க வேண்டும். பத்து வரை எண்ணுவது என்பது சொல்வதற்கு எளிது. விரல் மரத்துப்போன நிலையில் தம்பி ஐந்துக்கு மேல் எண்ணியதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆறு மணி நேரத்தில் ஒரே ஒரு மீன், அதுவும் அண்ணாச்சிக்கு. கடி என்று எதுவும் தெரியவில்லை என்றார். நனைந்த துணி சிக்கியதுபோல நரம்பில் கொஞ்சம் கனம் கூடியதாம், அவ்வளவுதான். மூன்று பவுண்டு இருக்கும். வெண்கல நிறத்து விலாவில் கரும்பட்டைகளோடு, சிவந்த கண்ணால் எங்களைப் பார்த்துவிட்டு நீரில் இறங்கிப் போயிற்று.

ஏப்ரல் 27, சனி

தெற்கிலிருந்து பலத்த காற்று, போகவில்லை. ஏறத்தாழ 430 சதுர மைல் பரப்புள்ள ஏரிக்குச் சராசரி ஆழம் பதினோரு அடிதான் என்றால், வெளியூர்க்காரர்கள் ஆபத்தில்லாத ஏரி என்று நினைத்துவிடுகிறார்கள். நிலைமை நேர்மாறானது. ஆழமில்லாத நீரில் காற்று எழுப்பும் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் நெருக்கமாகவும் வருவதால், ஒன்றின் மேல் ஏறிய படகு இறங்குவதற்குள் அடுத்தது முகப்பில் அறைந்துவிடும். இந்தக் குளிர்நீரில் விழுந்தால் முதலில் மூச்சுத்தான் திணறும். நீச்சல் தெரியுமா என்பது அதற்கு அப்புறம். அண்ணாச்சி படகில் லைஃப் ஜாக்கெட் அணியாதவருக்குக் காபி கிடையாது.

மே 4, சனி

54 டிகிரி. இரண்டு வாரத்தில் ஏழு டிகிரி ஏறியதில் ஏரியே வேறாகிவிட்டது. காலை எட்டு மணி முதல் பதினொன்று வரை மூவருமாகப் பதினான்கு மீன்கள் பிடித்தோம். இன்று வேலை செய்தது ஜெர்க்பெய்ட் அல்ல, டியூப் எனப்படும் மென்பிளாஸ்டிக் இரை. உள்ளே வெற்றிடம், வாலில் குஞ்சம், தலைக்குள் ஈயக் குண்டோடு கூடிய முள். அதைத் தரைக்கு இறக்கி, படகு காற்றில் மிதந்து போகிற வேகத்திலேயே இழுபடவிட வேண்டும். பச்சையும் பழுப்பும் கலந்த அந்த டியூப் எதைப் போல இருக்கிறது என்பது தம்பி பிடித்த நான்காவது மீன் தூக்கப்பட்டபோது விளங்கியது. அதன் தொண்டைக்குள்ளிருந்து அரைகுறையாகச் செரித்த ஒரு சிறு மீன் படகின் தரையில் வந்து விழுந்தது. விரல் நீளம், தவளைத் தலை, துருத்திய கண்கள், முதுகுத் துடுப்பில் ஒரு கறுப்புப் பொட்டு. வயிற்றுப்புறத் துடுப்புகள் இரண்டும் ஒட்டிக் கிண்ணம்போல் இருந்தன; கல்லைப் பற்றிக்கொள்ள அதுதான் கருவி.

அது கோபி. கருங்கடல், காஸ்பியன் பக்கத்து மீன். கப்பல்களின் அடித்தொட்டி நீரில் பயணம் செய்து, இந்த ஏரிக்குள் வந்து விழும் செயின்ட் கிளேர் ஆற்றில் 1990இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதற்கு இரண்டாண்டு முன்பு, 1988இல், அதே வழியில் வந்த வரிக்குதிரைச் சிப்பி வட அமெரிக்காவில் முதலில் காணப்பட்டதும் இதே ஏரியில்தான். சிப்பிகள் நீரை வடிகட்டித் தெளியவைத்தன, வெயில் தரையைத் தொட்டது, நீர்ச்செடிகள் பெருகின. கோபி சிப்பியைத் தின்றது, பாஸ் கோபியைத் தின்று கொழுத்தது. அழையா விருந்தாளிகளால் ஏரி கெட்டதா, செழித்ததா என்று படகில் வழக்கு நடந்தது. கொழுத்த மீனைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் நடுநிலை வகிப்பது கடினம்.

மதியத்துக்கு மேல் ஒரு விபத்து. துள்ளிய மீனின் வாயில் இருந்த ஜெர்க்பெய்ட்டின் மும்முனை முள்ளில் ஒன்று தம்பியின் ஆள்காட்டி விரலில் ஏறி, முனையின் பின்கொக்கி தோலுக்குள் மறைந்துவிட்டது. அண்ணாச்சி முதலில் மீனை விடுவித்தார், பிறகு இரையைத் துண்டித்து முள்ளை மட்டும் விரலில் விட்டார். முள்ளின் வளைவில் தடித்த நரம்பை இரட்டையாகச் சுற்றி, அதன் தண்டை விரலோடு சேர்த்து அழுத்தினார்.

"தம்பி, ஓசூர்ல ரோஜாத் தோட்டம் நெறைய உண்டாமே?"

"ஆமா அண்ணாச்சி, எங்க ஊர்லேர்ந்துதான்..."

வெடுக்கென்று இழுத்தார். முள் படகின் மறுகோடியில் போய் விழுந்தது. இரண்டு சொட்டு ரத்தம். தம்பி ரோஜாவைப் பற்றி மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. திங்கட்கிழமை டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளப் போகிறார்.

மே 11, சனி

நேற்று இரவு துருவ ஒளி பார்க்கிறேன் என்று பாதி ஊர் விழித்திருந்தது, நாங்களும்தான். ஆகவே ஏரிக்குப் போகும்போது பத்து மணி. 57 டிகிரி. பிடிபட்ட பெண் மீன்களின் வயிறு முட்டையால் பருத்துத் தொங்குகிறது. என்னுடைய ஒன்று பத்தொன்பது அங்குலம், தராசில் நான்கு பவுண்டு இரண்டு அவுன்ஸ். கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பற்றித் தூக்குவதுதான் வழக்கம். பாஸுக்குக் கடிக்கும் பல் கிடையாது, அரம்போன்ற சொரசொரப்பு மட்டும். நாள் முழுவதும் நன்றாக அமைந்தால் கட்டைவிரலின் தோல் உரிந்துவிடும். திங்கட்கிழமை அலுவலகத்தில் கீபோர்டைத் தொடும்போது சுருக்கென்று எரிகிற அந்த எரிச்சலில் எனக்கு ஒரு ரகசியப் பெருமை உண்டு.

திரும்பும் வழியில் தம்பி மறுபடியும் சாப்பாட்டுப் பேச்சை எடுத்தார். அண்ணாச்சி 1970ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னார். ஆற்றின் மேற்பகுதியில் கனடாவின் சார்னியா பக்கத்து ரசாயன ஆலைக் கழிவால் இந்த ஏரி மீன்களில் பாதரசம் மிகுந்திருப்பது அந்த ஆண்டு தெரியவர, இரு நாட்டுக் கரையிலும் மீன்பிடிப்புக்குத் தடை வந்தது. பிறகு அளவு வெகுவாகக் குறைந்துவிட்டது என்றாலும், எந்த மீனை எவ்வளவு உண்ணலாம் என்று மாநிலச் சுகாதாரத் துறை இன்றும் வழிகாட்டி வெளியிடுகிறது. வாழ்நாள் கூடிய பெரிய மீனில்தான் பாதரசம் அதிகம் சேரும். "பெருசு பார்க்கதுக்கு, சிறுசு திங்கதுக்கு" என்று முடித்தார்.

மே 18, சனி

இன்றைய நாளைப் பற்றி எழுதுவதா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

61 டிகிரி, காற்றே இல்லை. கண்ணாடியாகக் கிடந்த நீரில், வெயில் கண்ணாடி வழியே பார்த்தபோது, நான்கடி ஆழத்தில் வெள்ளை வட்டங்கள் தெரிந்தன. ஆண் பாஸ் வாலால் சேற்றையும் பாசியையும் விசிறித் தள்ளி, சரளைக் கல் தெரியுமாறு அமைக்கிற கூடுகள் அவை. ஒவ்வொன்றும் ஒரு பெரிய தாம்பாளம் அளவு. பெண் முட்டையிட்டதும் போய்விடும். ஆண்தான் முட்டைகளுக்கு மேல் நின்று விசிறிக்கொண்டும், நெருங்குவதை விரட்டிக்கொண்டும், தானாக இரை தேடிப் போகாமல் காவல் இருக்கும். அப்படிப்பட்ட மீனின் முன்னால் டியூபைப் போட்டால் எடுக்கும். பசிக்காக அல்ல, கூட்டிலிருந்து அப்புறப்படுத்துவதற்காக.

பிடித்து உடனே விட்டால் இதைச் சட்டம் தடுக்கவில்லை. அண்ணாச்சி தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு வேர்க்கடலை உரிக்கத் தொடங்கினார். நான் எறிந்தேன். இரண்டாவது எறிதலிலேயே எடுத்தது. மேலே கொண்டுவந்து, முள்ளைக் கழற்றி, தம்பி ஒரு படம் எடுத்து முடிக்க ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகியிருக்கும்.

"கீழே பாருங்க," என்றார் அண்ணாச்சி. சரளைக் கற்களின் இடுக்குகளிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒன்று, பிறகு மூன்று, பிறகு எண்ண முடியாதபடி கோபிகள் வந்து, தலையைக் குனிந்து கூட்டைக் கொத்திக்கொண்டிருந்தன. பக்கத்து ஈரி (Erie) ஏரியில் ஆய்வாளர்கள் இதையே பார்த்திருக்கிறார்கள் என்று நான் முன்பே படித்திருந்தேன். படித்தது தூண்டிலை எறிந்த கையைத் தடுக்கவில்லை. மீனை விட்டேன். நான்கு நிமிடம் அதைக் காணவில்லை. பிறகு பக்கவாட்டிலிருந்து அம்புபோல் வந்து கோபிகளைச் சிதறடித்துவிட்டு, பழைய இடத்தில் நின்று விசிறத் தொடங்கியது.

எங்கள் ஊர் வாய்க்காலில் விரால் குஞ்சுகள் செக்கச்செவேலென்று கொத்தாக மேலெழும்பி மூச்சு வாங்கும். அந்தச் சிவப்புக்குக் கீழே தாயும் தகப்பனும் நிற்கும் என்பது தெரிந்து, தவளையை முள்ளில் கோத்துக் குஞ்சுகளின் நடுவே தட்டித் தட்டிச் சீண்டுவோம். விரால் சீறி வந்து கவ்வும். எனக்குப் பத்து வயது. வீட்டுக்குத் தூக்கிச் சென்றால் பாராட்டும், இரவில் குழம்பும் கிடைத்தன. குஞ்சுகள் பிறகு என்னவாயின என்று திரும்பிப் போய்ப் பார்த்ததே இல்லை.

இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். "நானும் பிடிச்சிருக்கேன். தாமிரபரணியில," என்று கடலைத் தோலைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டார். அந்த இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்தேன். ஏன் என்று தம்பி கேட்டார். தெரியவில்லை என்றேன்.

ஜூன் 1, சனி

மே 25 நீண்ட விடுமுறை வார இறுதி. துறையில் படகுகள் திருவிழாத் தேர்போல் வரிசையில் நின்றதால் திரும்பி வந்துவிட்டோம். இன்று போனது பெர்ச் மீன் பிடிக்க. அதை வீட்டுக்கு எடுத்துச் செல்லத் தடையில்லை. மண்புழுவுக்கு மதியத்துக்குள் பதினெட்டு சேர்ந்துவிட்டது. தம்பி முகத்தில் ஏப்ரல் மாதத்திலிருந்து இல்லாத தெளிவு. குழம்பா வறுவலா என்பதை வீட்டுக்கு போன் போட்டு முடிவு செய்தார்கள்.

கரை திரும்பும்முன் குறித்து வைத்த இடத்துக்குப் போகலாமா என்று கேட்டேன். அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் படகைத் திருப்பினார். கடைசி நூறு அடிக்கு இன்ஜினை அணைத்து, துடுப்பால் தள்ளினார். நான் தூண்டிலிட்ட கூட்டைக் கண்டுபிடிக்கச் சற்று நேரமானது. கற்களின் மேல் பழுப்புப் பாசி படிந்து, வட்டத்தின் விளிம்பு கலைந்திருந்தது. மீன் இல்லை. நடுவாரத்துக் காற்றில் அலை புரட்டியிருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம் என்று அண்ணாச்சி சொன்னார். எனக்காகச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அங்கிருந்து இருபது முழம் தள்ளி இன்னொரு கூடு. அதன் மேல், மைப்புட்டி கவிழ்ந்ததுபோல, ஒரு கருமை நீரில் அசைந்துகொண்டிருந்தது. உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு துளியும் ஒரு குஞ்சு, நெல்மணி நீளத்தில். அடியில் தகப்பன் மீன், துடுப்பின் ஓரம் கிழிந்து, உடல் மெலிந்து.

"விரால் குஞ்சு செகப்பு, இது கறுப்பு," என்றார் தம்பி, மெல்லிய குரலில். படகின் நிழல் கூட்டின் மேல் விழப்போவதைக் கண்டு அண்ணாச்சி துடுப்பை ஊன்றினார். நாங்கள் பின்னோக்கி நகர்ந்தோம்.