ஆறாவது ஆள்

பைசர் கொரோனாத் தடுப்பூசியின் ஊதா மூடி போட்ட அந்தச் சின்னக் குப்பியைத் திறந்தால் ஆறு பேர் வேண்டும். 1.8 மில்லிலீற்றர் சேலைன் விட்டு, குலுக்காமல் பத்துத் தரம் மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தி, ஆளுக்கு 0.3 என்று இழுத்தால் ஆறு ஊசி வரும். கலந்த பிறகு ஆறு மணித்தியாலத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும். 2022 ஜனவரியில் திருகோணமலையில் ஒரு பாடசாலை மண்டபத்தில் பூஸ்டர் என்ற மூன்றாவது ஊசி போட்டுக்கொண்டிருந்த எங்களுக்குப் பின்னேரமானால் ஒரே கவலைதான். ஐந்து பேர் கதிரையில் இருப்பார்கள், ஆறாவது ஆளைக் காணோம். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) தம்பி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்திக்குப் போவார். கோட்டைப் பக்கமிருந்து வந்த மான்கள் இரண்டு மதிலோரம் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். "அதுகளுக்கும் போடலாமெண்டால் கணக்குச் சரி" என்பார் எங்களோடு வேலைசெய்த மூத்த தாதி அக்கா.

முதல் ஊசிக்கு இப்படி ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. 2021 ஓகஸ்டில் டெல்டா என்ற திரிபு போட்ட போட்டில் ஒட்சிசன் என்ற சொல்லே எல்லோர் வாயிலும் இருந்தது. ஊசி எங்கே போடுகிறார்கள் என்று கேட்டு விடியவே வந்து நின்றார்கள். மூன்றாவது ஊசிக்கு அந்தப் பயம் போய்விட்டது. வந்தவர்களும் கேள்வியோடுதான் வந்தார்கள். "ரெண்டு போட்டாச்சு மிஸ். இப்ப புதுசா ஒண்டு வந்திருக்காம். அதுக்கு இது கேக்குமோ?"

நியாயமான கேள்வி. ஒமிக்ரோன் என்ற புதிய திரிபு பற்றித் தென்னாபிரிக்கா அறிவித்தது 2021 நவம்பர் கடைசியில். டிசம்பர் தொடக்கத்திலேயே இலங்கையிலும் கண்டுபிடித்துவிட்டார்கள். வைரஸின் முள்ளுப் புரதத்தில் மட்டும் 30க்கு மேற்பட்ட மாற்றங்கள். எங்கள் குப்பியில் இருந்ததோ, வூஹானில் முதலில் கண்ட வைரஸை வைத்துச் செய்த அதே பைசர்.

நான் சொன்ன பதில்தான் நியாயமில்லாதது. வரிசை நீளம், முகக்கவசத்துக்குள் வியர்வை, விளங்கப்படுத்த நேரமில்லை. "போடுங்கோ ஐயா, வராது" என்றேன். அப்படி எத்தனை பேருக்குச் சொன்னேனோ தெரியாது. ஒருவரை மட்டும் மறக்க முடியவில்லை. திருக்கடலூர்ப் பக்கத்து மீன்பிடிகாரர், அறுபதைத் தாண்டியவர், சீனி வருத்தம் உள்ளவர். பி.எச்.ஐ. தம்பி சந்தியிலிருந்து ஏற்றி வந்த ஆறாவது ஆள்.

பெப்ரவரி முடிவில் அவர் நேரே என் மேசைக்கு வந்தார். கையில் தடுப்பூசி அட்டை. "மகள், நீ வராதெண்டாய். வந்திட்டுது." நாலு நாள் காய்ச்சல், ஒரு கிழமை கடலுக்குப் போகவில்லை, உழைப்பு இல்லை. குரலை உயர்த்தாமல் சொன்னார், அதுதான் சுட்டது. அந்த மாதம் எனக்கும் வந்து போயிருந்தது, மூன்று ஊசியும் போட்ட பிறகு. அதைச் சொன்னேன். அவருக்கு அது ஆறுதலாக இல்லை. ஏன் இருக்க வேண்டும்?

அப்புறம்தான் ஒழுங்காக விளங்கப்படுத்த முயன்றேன். ஊசி போட்டதும் இரத்தத்தில் கூடுகிற பிறபொருளெதிரிகள் (அன்டிபொடிகள்) வாசல் காவல்காரர்கள் மாதிரி. உடுப்பை மாற்றிக்கொண்டு வருகிற ஒமிக்ரோனை அவர்கள் பாதி அடையாளம் காண்பார்கள், பாதி விட்டுவிடுவார்கள். சில மாதத்தில் அவர்களின் எண்ணிக்கையும் குறைந்துபோகும். ஆனால் வீட்டுக்குள் டி கலங்கள் என்ற நோயெதிர்ப்புக் கலங்கள் இருக்கின்றன. அவை முள்ளை ஒரே இடத்தில் பார்ப்பதில்லை, பல துண்டுகளாகப் பார்க்கும். அதனால் வைரஸ் உடுப்பு மாற்றினாலும் அவற்றை எளிதில் ஏமாற்ற முடியாது. காய்ச்சல் வரலாம், சுவாசப்பைக்குள் இறங்கிப் படுக்கையில் போடுவது குறையும்.

அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப வாசல்காரனுக்கு நாலு மாசத்தில நித்திரை வந்திடுமாக்கும்" என்றார்.

அதை விடத் திருத்தமாக நான் எங்கேயும் வாசித்ததில்லை. இங்கிலாந்தில் எடுத்த கணக்கும் அதைத்தான் சொன்னது. அஸ்ட்ராசெனெகா இரண்டு போட்டு ஐந்து மாதமானவர்களுக்கு ஒமிக்ரோன் காய்ச்சலைத் தடுக்க ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. மூன்றாவதாகப் பைசர் போட்டதும் தடுப்பு 62 வீதத்துக்கு ஏறி, பத்துக் கிழமை கழிய 40 வீதத்துக்கு இறங்கியது. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் காப்பது பத்துக் கிழமைக்குப் பிறகும் 75 வீதமளவில் நின்றது. ஒரே ஊசிக்கு இரண்டு வித எண்கள். நான் வரிசையில் நின்றவர்களுக்கு முதலாவதைச் சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டேன், இரண்டாவதைச் சொல்லவே இல்லை.

அந்தக் கணக்கிலும் ஒரு குறை உண்டு. எங்கள் ஆட்களில் பெரும்பாலானோர் முதல் இரண்டும் போட்டது சினோபார்ம். அவர்கள் இங்கிலாந்துக் கணக்கில் இல்லை. கொஞ்சம் கிட்டிய உதாரணம் ஹொங்கொங். அங்கே போட்ட சினோவாக்கும் சினோபார்ம் மாதிரியே செயலிழக்கச் செய்த வைரஸை வைத்துச் செய்ததுதான். 60 வயதைத் தாண்டியவர்களில் அது இரண்டு போட்டவர்களுக்குக் கடும் நோயிலிருந்து காப்பு சுமார் 70 வீதம். மூன்று போட்டால் 95 வீதத்தையும் தாண்டியது. மூன்றாவது ஊசி அவசியமாக வேண்டியிருந்தது எங்கள் வயதானவர்களுக்குத்தான். அவர்கள்தான் "ரெண்டு போதும்" என்று திண்ணையில் இருந்தார்கள். நாடு முழுக்க இரண்டும் போட்டவர்கள் 1 கோடி 40 லட்சத்துக்கு மேல், மூன்றாவது போட்டவர்கள் 80 லட்சமளவில். சோம்பல் ஒரு காரணம் என்றால், எங்களைப் போன்றவர்கள் சொன்ன "வராது" இன்னொரு காரணம். பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஊசி போட்டும் வந்துவிட்டது என்றால் அடுத்த வீட்டார் ஏன் வருவார்கள்?

மார்ச்சில், பொருளாதார நெருக்கடியால், மின்வெட்டு நீண்டுகொண்டே போனது. குளிர்ப்பெட்டிக் கதவை அடிக்கடி திறக்காதே என்று எங்களுக்குள் சத்தம் போட்டுக்கொண்டோம், வெப்பமானியில் முள் 8 பாகையைத் தாண்டுகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தோம். ஊசிக்கு வர வேண்டியவர்கள் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றார்கள். அப்படி ஒரு பின்னேரம், கதிரையில் ஐந்து பேர், தம்பியின் மோட்டார் சைக்கிளில் பெற்றோல் இல்லை. அந்த ஐயா மனைவியோடு படியேறி வந்தார். அம்மாவுக்கும் சீனி. இரண்டு ஊசியோடு நின்றுவிட்டவர்.

"இவவுக்கும் போடு மகள்" என்றார். "ஆனா எனக்குச் சொன்ன கதையை இவவுக்குச் சொல்லாதை."

சொல்லவில்லை. "காய்ச்சல் வந்தாலும் வரும் அம்மா, ஆஸ்பத்திரி வரைக்கும் போற பாடு குறையும்" என்றேன். அவர் கணவரைப் பார்த்தார், பிறகு சேலைத் தலைப்பை ஒதுக்கி இடது கையை நீட்டினார். குப்பியில் கடைசியாக இருந்த 0.3ஐ இழுத்தேன்.