எஸ்டேட் பாதையில் ஒரு வகுப்பறை

நடமாடும் பள்ளி என்றதும் பழைய பஸ்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. நீலகிரிக்கு அது ஒத்துவராது. பந்தலூர், கோத்தகிரிப் பக்கம் பழங்குடி ஊர்களுக்குப் போகும் குறுகலான மண்பாதையில் பஸ்ஸைத் திருப்பவே முடியாது. ஜீப் போதும். அது வகுப்பறையைச் சுமந்து வரும் வண்டி, அவ்வளவுதான்.

ஜீப்பில் ஏற்ற வேண்டியவை: தார்ப்பாய் இரண்டு (தரைக்கு ஒன்று, கூரைக்கு ஒன்று), நைலான் கயிறு, சுருட்டி வைக்கும் கரும்பலகை, 20 சிலேட்டு. புத்தகங்களை இறுக மூடும் பிளாஸ்டிக் டிரம்மில் வையுங்கள். அட்டைப்பெட்டியில் வைத்தால் ஜூன் மழைக்குப் பூஞ்சணம் பிடித்துப் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். வண்டி பேட்டரியில் புரொஜெக்டர் ஓட்டினால் திரும்பும்போது ஸ்டார்ட் ஆகாது. தனி பேட்டரி வேண்டும். மூடுபனியில் சோலார் தகட்டை நம்ப முடியாது. சரிவில் நிறுத்தினால், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகே பிள்ளைகள் கிட்டே வரட்டும்.

மாலை 4 மணிக்குள் கிளம்பிவிடுங்கள், யானை வரும் பாதை. காப்பி பறிப்புக் காலத்தில் பிள்ளைகள் பெற்றோரோடு தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். வண்டியும் அங்கேதான் போக வேண்டும்.

இங்குள்ள பணியர் என்ற பழங்குடியினரின் பிள்ளைகளுக்கு வீட்டுமொழி பாடப்புத்தகத் தமிழ் அல்ல. அதனால் அந்த ஊர்ப் பெண் ஒருவரைச் சம்பளத்துக்கு வையுங்கள்; இதில் மட்டும் சிக்கனம் கூடாது. கூடவே அரசுப் பள்ளியிலும் பெயரைச் சேருங்கள். வயதுச் சான்று இல்லையென்று சேர்க்கையை மறுக்க 2009 கல்வி உரிமைச் சட்டம் இடம் தரவில்லை.