ஆட்டோமேஷன் கோடு ஒட்டியது, லெவல் மட்டும் 4.5 டெசிபல் எகிறியது

மிக்ஸ் முடியும் தறுவாயில் பல்லவி மறுபடி பாடி வந்தது. புது வாய்ஸைப் புது டிராக்கில் போட்டாயிற்று. பழைய டிராக்கில் இருந்த வால்யூம், ரிவெர்ப் செண்ட் (ரிவெர்ப்புக்கு அனுப்பும் அளவு), ஃபில்டர் கட்-ஆஃப் (எந்த அதிர்வெண்ணுக்கு மேல் ஒலியை வெட்டுவது) ஆகிய மூன்று ஆட்டோமேஷன்களையும், அதாவது பாட்டு ஓடும்போது இந்த அளவுகள் தானாக மாற வரைந்து வைத்த கோடுகளையும், இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டும். ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் இதற்கு ஐந்து நிமிடம் போதும் என்று உட்கார்ந்தால் அரை நாள் போய்விட்டது. ஒட்டிய கோடுகள் கண்ணுக்கு அச்சு அசல். காதுக்கு ஒன்றுகூடச் சரியில்லை.

காப்பி செய்வது எல்லோருக்கும் தெரிந்ததுதான். என்வலப்பை (ஆட்டோமேஷன் கோட்டுக்கு ரீப்பரில் இதுதான் பெயர், அதிலுள்ள புள்ளிகள் பாயிண்டுகள்) கிளிக் செய்து கன்ட்ரோல்+ஏ, கன்ட்ரோல்+சி. அடுத்த டிராக்கில் அதே என்வலப்பைத் திறந்து கன்ட்ரோல்+வி. ஆனால் இந்தக் கட்டளைகள் ஃபோகஸ் எங்கே இருக்கிறதோ அதைத்தான் எடுக்கும். நடுவில் டிராக் பேனலில் கை பட்டுவிட்டால் பாயிண்டுகளுக்குப் பதிலாக முழு டிராக்கும் காப்பியாகும். ஒட்டும்போது கீழே புதிதாக ஒரு டிராக் முளைத்தால் காரணம் இதுதான்.

அடுத்தது கர்சர். பாயிண்டுகள் எடிட் கர்சர் நிற்கும் இடத்திலிருந்துதான் ஒட்டும். டைம்லைனில் கிளிக் செய்தாலே கர்சர் நகர்ந்துவிடும் என்பதால், ஒட்ட வேண்டிய என்வலப்பை அதன் இடப்பக்கப் பேனலில் கிளிக் செய்து தேர்ந்தெடுங்கள். முழு என்வலப்பையும் மாற்றுவதானால் 0-வது நொடியில் இருக்கும் முதல் பாயிண்டையும் சேர்த்தே எடுத்துவிட்டு, ஹோம் விசையை அழுத்தி ஒட்டினால் தள்ளிப்போகாது. ஒரு பகுதி மட்டும் வேண்டுமென்றால், எடுக்கும் முதல் பாயிண்ட் இருக்கும் இடத்தில் எம் விசையால் ஒரு மார்க்கர் போட்டுக்கொள்ளுங்கள். ஒட்டுவதற்கு முன் அந்த மார்க்கரின் எண் விசையை அழுத்தினால் கர்சர் சரியாக அங்கே போய் நிற்கும். ஒட்டும் இடத்தில் ஏற்கெனவே பாயிண்டுகள் இருந்தால் முதலில் அழித்துவிடுங்கள்.

இதுவரை போனது நேரம் மட்டும்தான். உண்மையில் கழுத்தறுத்தது லெவல்.

ரீப்பரின் டிரிம்/ரீட் என்ற ஆட்டோமேஷன் மோடில் என்வலப்பும் ஃபேடரும் (டிராக்கின் சத்த அளவை வைக்கும் நெம்பு) ஒன்றோடொன்று கூடும். பழைய டிராக்கின் ஃபேடர் −4.5-ல் இருந்தது. என்வலப்பில் ஓரிடம் −2 என்றால் வெளியே வந்தது −6.5. புது டிராக்கின் ஃபேடரோ 0. அதே பாயிண்ட், அதே −2, வெளியே வந்ததும் −2. பாட்டு முழுக்க 4.5 டெசிபல் அதிகம். கோட்டையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் இது பிடிபடாது, ஏனென்றால் கோட்டில் தப்பே இல்லை. ஒட்டுவதற்கு முன் இரண்டு டிராக்கின் ஃபேடர் எண்ணையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வால்யூம் என்ற பெயரில் இரண்டு என்வலப் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. ஒன்று எஃபெக்ட்களுக்கு முன்னால், இன்னொன்று பின்னால். முன்னால் இருப்பது கம்ப்ரெஸ்ஸருக்குள் (திரெஷோல்டு என்ற எல்லையைத் தாண்டும் சத்தத்தை அமுக்கும் எஃபெக்ட்) போகிற சத்தத்தைத்தான் கூட்டிக் குறைக்கும். 4:1 விகிதத்தில் திரெஷோல்டுக்கு மேலே 4 டெசிபல் ஏற்றினால் வெளியே 1 டெசிபல்தான் ஏறும். அதே கோட்டைக் கம்ப்ரெஸ்ஸருக்குப் பின்னால் இருக்கும் வால்யூமில் ஒட்டினால் முழு 4 டெசிபலும் ஏறும். மென்மையான ஏற்ற இறக்கம் குதியாட்டம் ஆகிவிடும்.

ரிவெர்ப் செண்டில் வேறு விதமாகச் சறுக்கும். செண்ட் போஸ்ட்-ஃபேடராக (ஃபேடருக்குப் பிறகு எடுப்பதாக) இருந்தால் வால்யூம் கோட்டின் ஏற்ற இறக்கம் அதற்குள் ஏற்கெனவே போய்விடுகிறது. வாய்ஸ் இறங்கும்போது ரிவெர்ப்பும் இறங்கட்டும் என்று அதே கோட்டை செண்ட் என்வலப்பிலும் ஒட்டினால், −6 வர வேண்டிய இடத்தில் −12 வரும்.

ஃபில்டர்தான் அதிக நேரம் தின்றது. பெரும்பாலான பிளக்-இன்களின் (கூடுதலாகச் சேர்க்கும் எஃபெக்ட்கள்) ஆட்டோமேஷன் ஹெர்ட்ஸாகச் சேமிக்கப்படுவதில்லை, 0 முதல் 1 வரையான எண்ணாகத்தான். அந்த எண்ணுக்கு என்ன ஹெர்ட்ஸ் என்று முடிவு செய்வது பிளக்-இன். பழைய ஃபில்டர் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை லாக் (மடக்கை) அளவில் போவது. அதில் 0.3 என்றால் சுமார் 159 ஹெர்ட்ஸ், 0.8 என்றால் சுமார் 5,020. புது ஃபில்டரில் அதே எல்லை, ஆனால் சீராக ஏறும் நேர் அளவு (லீனியர்). அங்கே 0.3 என்பதே 6,000 ஹெர்ட்ஸைத் தாண்டிவிடுகிறது. மூடிய குரல் மெல்லத் திறக்க வேண்டிய இடத்தில் முதல் நொடியிலேயே திறந்து கிடந்தது.

இதற்கு எண்ணை மாற்றத்தான் வேண்டும்: 0.3 இருந்த இடத்தில் 0.007, 0.8 இருந்த இடத்தில் 0.25. பாயிண்டில் ரைட் கிளிக் செய்து மதிப்பைத் தட்டச்சு செய்யலாம். ஆனால் இரு முனையைச் சரிசெய்தால் போதாது. பழைய கோட்டின் நடுப்புள்ளி 0.55, அதாவது சுமார் 893 ஹெர்ட்ஸ். புது ஃபில்டரில் அதற்கு 0.044 வேண்டும். நேர்க்கோடு விட்டால் நடுவில் வருவது 0.129, கிட்டத்தட்ட 2,590 ஹெர்ட்ஸ். ஆகவே நடுவில் இரண்டு மூன்று பாயிண்ட் சேர்த்து வளைவை உண்டாக்க வேண்டும். இரண்டு பிளக்-இன்னும் ஒரே வகை அளவில் ஓடி, எல்லை மட்டும் வேறு என்றால் வேலை சுலபம். கோட்டை ஆட்டோமேஷன் ஐட்டமாக்கி (ஒரு தனித் துண்டாக்கி), அதன் பேஸ்லைன் (அடிமட்டம்), ஆம்ப்ளிட்யூட் (ஏற்ற இறக்க அளவு) இரண்டையும் மாற்றினால் போதும். ஆனால் பூல் செய்த (நகல்கள் ஒன்றோடொன்று இணைந்த) ஐட்டமாக இருந்தால் முதலில் பூலிலிருந்து விலக்குங்கள். இல்லையென்றால் பழைய டிராக்கிலும் சேர்ந்து மாறலாம்.

ஒரே பிளக்-இன் என்றாலும் பதிப்பு வேறென்றால் கட்-ஆஃப் கோடு ரெசொனன்ஸ் போன்ற வேறொரு குமிழில் போய் உட்காரலாம். ரீப்பரின் புராஜெக்ட் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு என்பது இங்கே கைகொடுத்தது. ஒவ்வொரு பிளக்-இன் என்வலப்பும் பி.ஏ.ஆர்.எம்.ஈ.என்.வி. என்று தொடங்கும் வரியில் இருக்கும். அதை ஒட்டி வரும் எண்தான் எந்தக் குமிழ் என்பது, 0-விலிருந்து எண்ணிக்கை. சரியான எண் தெரிய, வேண்டிய குமிழை அசைத்து அதற்கு ஒரு வெற்று என்வலப் திறந்து சேமியுங்கள். கோப்பைத் திறந்தால் எண் தெரிந்துவிடும். பிறகு புராஜெக்டை மூடி, கோப்புக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு, பழைய வரியில் அந்த எண்ணை மாற்றுங்கள். நகல் எடுக்காமல் இதில் கை வைக்கவே வேண்டாம்.

இத்தனையும் செய்த பிறகுதான் உறைத்தது: நகர்த்த வேண்டியது ஆட்டோமேஷன் அல்ல, ஆடியோ. ஃபேடர், எஃபெக்ட், செண்ட், என்வலப் எல்லாம் பழைய டிராக்கில் ஒன்றுக்கொன்று பொருந்தி உட்கார்ந்திருக்கின்றன. புது வாய்ஸை அங்கே இழுத்துப் போட்டால் ஒரு எண்ணையும் மாற்ற வேண்டியதில்லை. ஈக்யூ வேறாக வேண்டுமென்றால் டிராக்கை டூப்ளிகேட் செய்து, கிளிப்பை மட்டும் மாற்றலாம். இழுப்பதற்கு முன், கிளிப்போடு என்வலப் பாயிண்டுகளும் நகரும் வசதியை அணைத்துவிடுங்கள். அது எரிந்துகொண்டிருந்தால் கிளிப் போகும் இடத்துக்குப் பாயிண்டுகளும் கிளம்பிவிடும்.

வேறு வழியில்லாமல் கோட்டைத்தான் மாற்றியாக வேண்டும் என்றால், காதை மட்டும் நம்பாமல் சோதித்துப் பாருங்கள். இரண்டு டிராக்கிலும் ஒரே கிளிப்பை வைத்து, ஒன்றில் மட்டும் (ஒலி அலையைத் தலைகீழாக்கும்) ஃபேஸ் பொத்தானை அழுத்தி, ரிவெர்ப் செண்டுகளை மியூட் செய்து ஓடவிடுங்கள். எஃபெக்ட் இரண்டிலும் ஒன்றாக இருந்து, ஆட்டோமேஷனும் பொருந்தியிருந்தால் நிசப்தம். எந்த நொடியில் குரல் கசிகிறதோ, அந்த நொடியின் பாயிண்டைப் பாருங்கள். தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே அளவில் கசிந்தால் ஃபேடரைப் பாருங்கள்.