போலந்துக்காரருக்கு ஆங்கிலச் சொல் சொல்லிக்கொடுத்தபோது தெரிந்துகொண்டவை

போலந்தின் வ்ரோட்ஸ்வாஃப் நகரில் பகலில் அலுவலக வேலை, மாலையில் போலந்துக்காரர்களுக்கு ஆங்கில வகுப்பு என்று நான்கு வருடம் ஓடியது. வந்தவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்கள். ஆங்கிலத்தில் பேசுவார்கள், மின்னஞ்சல் எழுதுவார்கள். ஆனால் பி2 நிலைக்கு, அதாவது ஐரோப்பிய மொழி அளவுகோலின் ஆறு படிகளில் நான்காவதுக்கு, வந்தபின் அங்கேயே நின்றுவிட்டவர்கள். அவர்களில் ஒரு கணக்காளர், நாற்பது வயதிருக்கும், அதற்கு அடுத்த படியான சி1-க்கு, கேம்பிரிட்ஜின் சி1 அட்வான்ஸ்ட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். நான் கற்றுக்கொண்டதில் பாதி அவரிடமிருந்துதான்.

ஒரு சனிக்கிழமை மாலை அவரிடமிருந்து "ஐ பாஸ்ட் தி எக்ஸாம் டுடே" என்று செய்தி வந்தது. சந்தோஷமாக வாழ்த்து அனுப்பினேன். அடுத்த வகுப்பில்தான் தெரிந்தது, அன்று அவர் தேர்வு எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். முடிவு வர இன்னும் சில வாரம் இருந்தது. போலந்து மொழியான போலிஷில் 'ஸ்டாவாச்' என்றால் தேர்வு எழுதுவது, 'ஸ்டாச்' என்றால் தேறுவது. ஒரே வினையின் இரண்டு முகம்: ஒன்று நடக்கிற செயல், மற்றது நடந்து முடிந்த செயல். போலிஷ் வினைகள் பெரும்பாலும் இப்படி ஜோடியாகத்தான் இருக்கும். ஆங்கிலத்திலோ இந்த இரண்டுக்கும் 'டேக்', 'பாஸ்' என்று தொடர்பே இல்லாத இரு சொற்கள்.

முடிவு வந்தது: 174. சி1 தேற 180 வேண்டும். 160 முதல் 179 வரை எடுத்தால் பி2 நிலைச் சான்றிதழ்தான் தருவார்கள். அவருக்குப் பெரிய ஏமாற்றம். அவரிடம் தடிமனான ஒரு சொல் நோட்டு இருந்தது, பக்கம் பக்கமாக அரிய சொற்கள். அதைப் புரட்டிப் பார்த்தபோதுதான் எங்கே தவறு என்று எனக்குப் புரிந்தது. நோட்டில் இருந்த சொற்களில் பெரும்பாலானவை அவருக்கு ஏற்கெனவே பாதி தெரிந்தவை.

லத்தீன் வழியாக வந்த சொற்கள் போலிஷில் ஏராளம். ஆங்கிலத்தில் '-ஷன்' என்று முடிவது அங்கே '-ட்ஸ்யா' என்று முடியும்: சிடுவட்ஸ்யா, இன்ஃப்லட்ஸ்யா, கான்ஸ்டிடுட்ஸ்யா. கல்விசார் ஆங்கிலத்துக்கென்று அவெரில் காக்ஸ்ஹெட் 2000-ல் வெளியிட்ட பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் உண்டு. அதில் நிறையச் சொற்களுக்குப் போலிஷில் ஓர் ஒன்றுவிட்ட சகோதரன் இருக்கிறான். நமக்கு மலைப்பாகத் தெரியும் சொல் அவர்களுக்குச் சொந்தக்காரன் மாதிரி. அவர்களை உண்மையில் தடுக்கி விழவைப்பது கெட், புட், டேக், மேக், செட் போன்ற சின்னச் சொற்கள். ஆகவே இடைநிலையைத் தாண்ட நினைக்கும் போலந்துக்காரருக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: புதிய சொல் தேடுவதை ஆறு மாதம் நிறுத்துங்கள். தெரிந்த சொல் யாரோடு சேர்ந்து நடக்கிறது என்று பாருங்கள்.

இதில் தமிழ் எனக்குக் கைகொடுத்தது. போலிஷில் 'ரோபிச்' என்ற ஒரே வினைதான் 'டூ', 'மேக்' இரண்டுக்கும். நம் 'செய்' மாதிரியே. அதனால்தான் அவர்கள் 'மேக் எ மிஸ்டேக்' என்பதற்குப் பதில் 'டூ எ மிஸ்டேக்' என்கிறார்கள். கைவிரலுக்கும் கால்விரலுக்கும் அவர்களிடம் ஒரே சொல், 'பாலெட்ஸ்'. நமக்கும் விரல்தான். 'ஷேடோ', 'ஷேட்' இரண்டும் அவர்களுக்கு ஒரே சொல், நமக்கு நிழல். 'சேஃப்டி', 'செக்யூரிட்டி' இரண்டும் ஒன்றே, நமக்குப் பாதுகாப்பு. ஆமையும் அப்படித்தான்: 'டர்ட்டில்', 'டார்ட்டாய்ஸ்' என்று பிரிக்கும் வழக்கம் இரு மொழியிலும் இல்லை. பள்ளியில் நான் தடுமாறிய அதே இடங்களில் அவர்களும் தடுமாறுவதைப் பார்த்தபோது, எந்த இடத்தில் நிறுத்தி விளக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தாய்மொழி ஒன்றாக வைத்திருப்பதை ஆங்கிலம் இரண்டாகப் பிரிக்கும் இடங்களுக்கு நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்கச் சொன்னேன். இரண்டு வாரத்தில் அந்தக் கணக்காளர் நாற்பது ஜோடி கொண்டுவந்தார்.

முகம் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருக்கும் சொற்களை எல்லா ஆசிரியர்களும் சொல்லிக்கொடுப்பார்கள். 'எவென்டுஅல்னியே' என்றால் 'தேவைப்பட்டால்', 'கடைசியில்' என்று பொருள்படும் ஆங்கில 'ஈவென்சுவலி' இல்லை. 'அக்டுஅல்னி' என்றால் தற்போதைய. 'ஆர்டினார்னி' என்றால் அநாகரிகமான. ஒருவர் தன் மேலாளருக்கு, 'ஈவென்சுவலி ஐ கேன் கம் ஆன் மண்டே' என்று எழுதிவிட்டார். வேண்டுமானால் திங்கள்கிழமை வரலாம் என்று சொல்ல நினைத்தவர் அவர். இவற்றில் அடிக்கடி வருபவை கொஞ்சம்தான். ஒரு வார இறுதி போதும், அதற்கு மேல் நேரம் செலவழிக்க வேண்டாம்.

அதிக நேரம் கொடுக்க வேண்டியது 'புட் ஆஃப்', 'கிவ் அப்' வகைக் கூட்டுவினைகளுக்கு. இவற்றைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதைப் போலந்து மாணவர்கள் வெறுக்கிறார்கள். ஆனால் அவர்கள் மொழியே இப்படித்தான் இயங்குகிறது என்று காட்டியதும் முகம் மலர்ந்துவிடும். 'டாச்' என்றால் கொடு. முன்னால் ஓர் எழுத்தோ அசையோ சேர்த்தால் பொருள் மாறும்: 'ஒட்டாச்' திருப்பிக் கொடு, 'ரோஸ்டாச்' பங்கிட்டுக் கொடு, 'பொட்டாச் ஷெ' சரணடை. தேர்வில் தேறுகிற அந்த 'ஸ்டாச்'சும் இதே குடும்பம். ஆங்கிலத்தில் 'கிவ் பேக்', 'கிவ் அவுட்', 'கிவ் அப்'. அவர்கள் முன்னால் ஒட்டுவதை ஆங்கிலம் பின்னால் வைக்கிறது. தள்ளிப்போடுவதற்குப் போலிஷில் 'ஒட்வோஜிச்', அப்படியே பிரித்தால் 'ஆஃப்' என்பதும் 'புட்' என்பதும்தான். அன்றைக்கு நான் நம் 'காட்டிக்கொடு', 'விட்டுக்கொடு' இரண்டையும் பலகையில் எழுதினேன். 'காட்டிக்கொடு' என்பதற்கு ஆங்கிலத்தில் 'கிவ் அவே' என்றபோது வகுப்பே உற்சாகமானது. இந்த ஒப்புமை எல்லா வினைக்கும் பொருந்தாது. ஆனாலும் பயம் போய்விடுகிறது, அதுதான் முக்கியம்.

சரி, இவற்றை நினைவில் வைப்பது எப்படி? போலந்தில் சொல் அட்டைக்கு 'ஃபிஷ்கி' என்று பெயர், பள்ளிப் பிள்ளைகள் எல்லாரிடமும் இருக்கும். எப்போது எந்த அட்டையைத் திரும்பப் பார்ப்பது என்று கணினியிடம் கணக்குப் போடச் சொன்னவரும் ஒரு போலந்துக்காரர்தான். போஸ்னானில் மாணவராக இருந்த பியோட்டர் வோஜ்னியாக் 1985-ல் இடைவெளிகளைத் தாளில் கணக்கிட்டுப் பார்த்தார், 1987-ல் அதை சூப்பர்மெமோ என்ற நிரலாக எழுதினார். அவர் படித்ததும் ஆங்கிலச் சொற்களைத்தான், கூடவே உயிர்வேதியியல். அந்தக் கணக்குப்படி, சரியாக நினைவிருந்தால் முதலில் 1 நாள், அடுத்து 6 நாள், அதன்பின் ஒவ்வொரு முறையும் முந்தைய இடைவெளியைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. இன்று பலர் பயன்படுத்தும் ஆங்கி என்ற சொல் அட்டைச் செயலியும் இந்தக் கணக்கிலிருந்து வளர்ந்ததுதான்.

எங்கள் கணக்காளரின் பழைய அட்டைகளில் ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் போலிஷ் சொல். அவற்றை மாற்றினோம். புதிய அட்டையில் ஒரு முழு வாக்கியம், நடுவில் ஒரு கோடு: 'ஷி ___ எ பாயின்ட் ஆஃப் ஆன்ஸரிங் எவ்ரி மெயில்.' விடை, 'மேக்ஸ்'. ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் தவறாமல் பதில் எழுதுவாள் என்று பொருள். இதில் அவருக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் இப்படி ஒரு வாக்கியத்தை அவர் தானாக ஒருநாளும் எழுதியிருக்க மாட்டார். அந்த வகை வாக்கியங்களுக்கு மட்டும்தான் அட்டை என்று முடிவு செய்தோம். படிக்கும்போது தெரியாத சொல்லை அடிக்கோடிடுவது எல்லாருக்கும் பழக்கம். அதை விட்டுவிட்டு, 'புரிகிறது, ஆனால் எனக்கு இப்படிச் சொல்லத் தோன்றியிருக்காது' என்ற இடத்தை அடிக்கோடிடச் சொன்னேன். ஒரு செய்திக் கட்டுரையில் அப்படி ஐந்தாறு கிடைக்கும். ஒரு நாளைக்கு எட்டு புதிய அட்டை, அதற்கு மேல் இல்லை. ஓர் அட்டையில் ஒரே ஒரு விஷயம். ட்ராமில் போகும் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும்.

காது விஷயமும் ஒன்று உண்டு. போலந்துத் தொலைக்காட்சியில் வெளிநாட்டுப் படம் போட்டால், நடிகர்களின் குரல் பின்னால் மெல்ல ஒலிக்க, ஒரே ஓர் ஆண் எல்லாருடைய வசனத்தையும் போலிஷில் வாசித்துக்கொண்டே போவார். அவருக்கு 'லெக்டர்' என்று பெயர். அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் லெக்டர் இல்லாமல் படம் பார்க்க முதலில் சிரமப்படுவார்கள். லெக்டரை நிறுத்திவிட்டு ஆங்கில வசன வரிகளோடு, ஒரே தொடரின் ஒரே பகுதியை இரண்டு முறை பார்ப்பது நல்லது. புதுப்புதுத் தொடராகத் தாவ வேண்டாம். ஒரே எழுத்தாளர்கள் எழுதும் தொடரில் அதே சொற்சேர்க்கைகள் திரும்பத் திரும்ப வரும்.

தேர்வுக்கு வருவோம். சி1 தாளில் படித்தலும் மொழிப் பயன்பாடும் சேர்ந்து 90 நிமிடம், 56 கேள்விகள். அதில் கொடுத்த ஒரு சொல்லை மாற்றாமல், மூன்று முதல் ஆறு சொற்களுக்குள் வாக்கியத்தைத் திருப்பி எழுதும் பகுதி ஆறு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண் வரை. எங்கள் அட்டைகளின் பலன் நேராகத் தெரிந்தது இங்கேதான். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளின் மதுரா தேர்வில் விரிவான நிலை ஆங்கிலம் எடுப்பவர்களுக்கும் இதே முறை உதவும், அங்கேயும் வாக்கிய மாற்றமும் சொல்லாக்கமும் உண்டு.

இரண்டாவது முறைக்கு ஒன்பது மாதம் படித்தார். தேர்வுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது புதிய அட்டை போடுவதை நிறுத்தினோம், பழையதை மட்டும் புரட்டினார். பிறகு வந்த மதிப்பெண் 188. ஆனால் எனக்கு அதைவிட நினைவில் நிற்பது தேர்வு முடிந்த அன்று மாலை வந்த செய்தி: "ஐ டுக் தி எக்ஸாம் டுடே." அப்புறம் அடுத்த வரியில், "ஐ டோன்ட் நோ யெட் இஃப் ஐ பாஸ்ட்."