சிங்கப்பூரில் எங்கே சாப்பிடுவது? எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சில குறிப்புகள்

கோயம்புத்தூரிலிருந்து நேரடி விமானம் இருப்பதால், எதற்கெடுத்தாலும் கொச்சியை விட்டுவிட்டுக் கோவைக்கே போய்வரும் எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்த் தாலுகாத் தமிழர்களுக்குச் சிங்கப்பூர் எட்டாத ஊராக இல்லை. பள்ளி விடுமுறை தொடங்கியதும் கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், வேலந்தாவளம் பக்கத்திலிருந்து யாராவது ஒரு குடும்பம் புறப்பட்டுவிடுகிறது. என் அக்கா அங்கே குடியிருப்பதால் எனக்கு விவரம் தெரிந்திருக்கும் என்று நம்பி, எந்த ஓட்டலில் சாப்பிடுவது நல்லது என்று கேட்கிறார்கள். அவர்கள் எதிர்பார்ப்பது நாலைந்து பெயர்கள். நான் சொல்வதோ, ஓட்டலைத் தேடுவதை விட்டுவிட்டு, என்ன சாப்பிடப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அந்த ஒன்றையே காலமெல்லாம் செய்துவரும் கடையைத் தேடுங்கள் என்பது.

இதற்குக் காரணம் அந்த ஊரின் வரலாற்றில் இருக்கிறது. ஒரு காலத்தில் சிங்கப்பூரின் தெருவோரங்களில் தள்ளுவண்டியும் அடுப்புமாக ஆயிரக்கணக்கானோர் உணவு விற்றார்கள். சுகாதாரத்தையும் போக்குவரத்தையும் கருதி, 1968, 1969 ஆம் ஆண்டுகளில் அரசு அவர்களைக் கணக்கெடுத்து உரிமம் வழங்கியது. 1971 முதல் உணவங்காடி நிலையங்களைக் கட்டி, 1986க்குள் அனைவரையும் கூரைக்குக் கீழே கொண்டுவந்தது. தெருவில் ஒரே பண்டத்தை விற்றவர் உள்ளே வந்தும் அதையே விற்றார்; பிறகு அவர் பிள்ளைகளும் அதையே விற்றார்கள். ஆகவே ஒவ்வொரு நிலையத்திலும், சிறு சிறு கடைகள் வரிசையாக நிற்க, ஒன்றில் மீன் உருண்டை நூடுல்ஸ், அடுத்ததில் வாத்துக்கறி, அதற்கடுத்ததில் பரோட்டா என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கைவேலை இருக்கிறது. இந்த உணவங்காடிப் பண்பாட்டை 2020 டிசம்பரில் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

கைப்பேசியில் தெரியும் நட்சத்திரங்கள் இங்கே பெரும்பாலும் உதவுவதில்லை. சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் என்ற நிலையத்தின் இரண்டாம் தளத்தில் மட்டும் 200க்கும் மேற்பட்ட உணவுக்கடைகள் உள்ளன. அந்தக் கட்டடத்துக்கு நாலரை நட்சத்திரம் என்று போட்டிருந்தால் அதில் எந்தக் கடைக்குச் சொன்னார்கள் என்று யாருக்குத் தெரியும்? கடையின் பெயரைவிடக் கடை எண்ணைக் குறித்துக்கொள்வதே பயன்தரும். எண்ணின் முதல் பகுதி தளத்தையும் அடுத்தது கடையையும் குறிக்கும். 01 என்பது தரைத்தளம். இந்த நிலையத்திலிருந்த சோயா சாஸ் கோழிக்கடை ஒன்றுக்கு 2016இல் மிஷெலின் என்ற உணவக வழிகாட்டி நூலின் நட்சத்திரம் கிடைத்து உலகமே வரிசையில் நின்றது. 2021இல் அந்த நட்சத்திரம் போய்விட்டது. சில கடைகளின் முகப்பில் மிஷெலின் ஒட்டுவில்லைகளைப் பார்ப்பீர்கள். அவற்றில் அச்சிட்டிருக்கும் ஆண்டைக் கட்டாயம் படியுங்கள். பழைய ஆண்டோடு நின்றுபோன வில்லை, கடந்தகாலப் பெருமைக்கு மட்டுமே சான்று.

வரிசையையும் படிக்கத் தெரிய வேண்டும். நீண்ட வரிசை எல்லாமே நல்ல சாப்பாட்டுக்கு அடையாளம் என்று சொல்ல முடியாது. சார் குவே தியாவ் என்னும் வறுத்த அகல நூடுல்ஸை நல்ல சமையல்காரர் ஒரு தட்டு அல்லது இரண்டு தட்டு அளவாகத்தான் வாணலியில் போடுவார். அங்கே எட்டுப் பேர் நின்றாலும் வரிசை நெடுநேரம் நகராது. வரிசையின் நீளத்தை விட்டுவிட்டு, யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். எங்கள் பக்கம் பொள்ளாச்சி சாலையில் லாரிகள் நிற்கும் கடையைப் பார்த்து நம்பி இறங்குவதுபோல, அங்கே டாக்சி ஓட்டுநர்களும், கழுத்தில் அலுவலக அட்டை தொங்கும் இளைஞர்களும், வீட்டுக்கு நாலைந்து பொட்டலம் கட்டிக்கொண்டு போகும் மூதாட்டிகளும் நிற்கும் கடையை நம்பலாம். எல்லோரும் கேமராவைத் தூக்கிப் பிடித்திருந்தால் நான் அடுத்த வரிசைக்குப் போய்விடுவேன். டாக்சியில் ஏறியதும் ஓட்டுநரிடம், "அங்கிள், நீங்கள் எங்கே சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "நல்ல ஓட்டல் எது?" என்று கேட்டால் சுற்றுலாப் பயணிகளுக்கான பதில்தான் வரும்.

முதலில் சாப்பிட வேண்டியது எது என்று கேட்டால், தயங்காமல் ஹைனான் கோழிச் சோறு என்பேன். மேக்ஸ்வெல் நிலையத்தில் தியான் தியான் என்ற கடை இதற்குப் பேர்போனது. ஆனால் அக்கா வீட்டுக்குப் பக்கத்திலுள்ள, யாரும் எழுதாத கடையில் நின்று பார்த்துத்தான் நான் இதைப் புரிந்துகொண்டேன். கோழியைக் கொதிக்கவிடாமல் மெல்லிய சூட்டில் வேகவைத்து, எடுத்த கையோடு பனிக்கட்டித் தண்ணீரில் முக்குகிறார்கள். தோலுக்கும் சதைக்கும் இடையில் வழவழப்பான ஒரு படலம் அதனால்தான் உறைகிறது. கடைக்காரர் மரக்கட்டையின் மேல் கோழியை வைத்து, அகன்ற கத்தியால் எலும்போடு ஐந்தாறு வெட்டு வெட்டி, கத்தியின் தட்டைப் பக்கத்தால் அப்படியே அள்ளி வெள்ளரித் துண்டுகளின் மேல் சாய்த்தார். ஒரு துண்டுகூட இடம் மாறவில்லை. கோழிக்கொழுப்பு, இஞ்சி, பூண்டு, ரம்பை இலை சேர்த்து வடித்த சோறுதான் இதில் முக்கியம். கோழியைத் தொடுமுன் வெறும் சோற்றை ஒரு கரண்டி சாப்பிட்டுப் பாருங்கள்; அது தனியாகவே இறங்கினால் கடை நல்ல கடை.

இரண்டு மூன்று நாளில் நம் ஊர்ச் சாப்பாட்டுக்கு நாக்கு ஏங்கத் தொடங்கும். தேக்கா நிலையத்தில் அதற்குக் குறைவில்லை. கீழே பிரியாணியும் பரோட்டாவும் ஒருபுறம், மீனும் கீரையும் விற்கும் ஈரச்சந்தை மறுபுறம், மேலே துணிக்கடைகள். ஆனால் அங்கே போயும் இட்லி தோசையோடு நின்றுவிடாமல், சிங்கப்பூரில் பிறந்த நம்மவர் உணவைச் சாப்பிடுங்கள் என்பது என் கட்சி. மீன்தலைக் கறி அப்படிப் பிறந்ததுதான். கேரளத்திலிருந்து போன கோமஸ் என்பவர் 1949 வாக்கில் தம் கடையில், சீனர்கள் மீன்தலையை விரும்பிச் சாப்பிடுவதைக் கண்டு, அதை நம் புளிக்குழம்பில் போட்டார் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் வரலாறு. இன்று ரேஸ் கோர்ஸ் சாலையில், 1969 முதல் இருக்கும் முத்தூஸ் கறியிலும் 1974 முதல் இருக்கும் பனானா லீஃப் அப்போலோவிலும் வெண்டைக்காய் மிதக்க அதை வைக்கிறார்கள். கடலே இல்லாத பாலக்காட்டில், ஐஸ் பெட்டியில் வரும் மீனைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்தத் தலையின் அளவே மிரட்சி தரும். நான்கு பேருக்கு ஒன்று போதும். சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே 1908 முதல் நடக்கும் ஜம்ஜம் கடையும் ஒரு மலையாளி தொடங்கியதுதான். அங்கே கறி அடைத்த பரோட்டாவான முர்தபாவை இருவர் சேர்ந்தே சாப்பிடுங்கள்.

சைவம் சாப்பிடும் பெரியவர்களோடு போகிறவர்கள் கொஞ்சம் விழிப்பாக இருக்க வேண்டும். கீரைப் பொரியல்தானே என்று நம்பி வாங்கும் கங்கோங் கீரையில் பெரும்பாலும் பெலாச்சான் என்னும் இறால் விழுது சேர்ந்திருக்கும். நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றோடு வைக்கும் சம்பால் என்ற மிளகாய் விழுதிலும் அப்படியே. 1924இல் தொடங்கிய ஆனந்த பவனும் 1947இல் தொடங்கிய கோமள விலாஸும் இருக்கவே இருக்கின்றன. ஆனாலும் வாட்டர்லூ தெருப் பக்கம் அவர்களை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். அங்கே குவான் இம் கோயிலுக்கும் கிருஷ்ணன் கோயிலுக்கும் சீனர்கள் ஒரே நடையில் போய் ஊதுபத்தி ஏற்றுவதைப் பார்க்கலாம். அருகிலுள்ள ஃபார்ச்சூன் சென்டரில் சீனச் சைவக் கடைகள் பல உள்ளன. பௌத்த மரபுப்படி வெங்காயம், பூண்டுகூட இல்லாமல் சமைப்பவர்களும் உண்டு. என் சித்தி அங்கே காளான் நூடுல்ஸை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

ஆற்றங்கரையில் மேசை போட்டு, வழியில் நின்று கையைப் பிடிக்காத குறையாக அழைக்கும் உணவகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. நண்டுக்கும் இறாலுக்கும் விலை எழுதாமல் 'அன்றைய விலை' என்று மட்டும் போட்டிருந்தால், எடைக்கு என்ன விலை, இந்த நண்டு எத்தனை கிராம் என்று இரண்டையும் கேட்டுக்கொண்ட பிறகே தலையாட்டுங்கள். கேட்காமல் மேசைக்கு வரும் கடலைக்கும் ஈரத்துண்டுக்கும்கூடக் காசு உண்டு. விலைப்பட்டியலில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், அதையும் சேர்த்த தொகைக்கு 9 விழுக்காடு வரியும் கூடும். 100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலரை அங்கே வெள்ளி என்பார்கள்) சாப்பிட்டால் 119.90 வெள்ளி கொடுக்க வேண்டியிருக்கும். உணவங்காடியில் பலகையில் எழுதியிருக்கும் விலைதான் விலை.

நேரத்தையும் கவனியுங்கள். கடைக்காரர்கள் பலர் வயதானவர்கள். பண்டம் தீர்ந்தால் பிற்பகல் ஒரு மணிக்கே அடைத்துவிடுவார்கள், உடம்புக்கு முடியவில்லையென்றால் திறக்கவே மாட்டார்கள். துப்புரவுப் பணிக்காகச் சில மாதங்களுக்கு ஒருமுறை நிலையம் முழுவதுமே மூடப்படும். அந்தத் தேதிகளை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள். பதினொன்றரைக்குப் போய்விட்டால் பகல் கூட்டத்துக்கு முந்திவிடலாம். காலி மேசையில் ஒரு சிறு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அது யாரோ இடம் பிடித்துவிட்டுப் போனது, அங்கே உட்காராதீர்கள். சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களே கொண்டுபோய் அதற்குரிய அடுக்கில் வைக்க வேண்டும். 2021 முதல் இது கட்டாயம், ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கும் உண்டு.

ஊர் திரும்பும் நாளில் நேரம் மிச்சமிருந்தால் விமான நிலையத்துக்குள் அவசரமாக நுழைய வேண்டாம். டாக்சியில் சிறிது தூரத்தில் சாங்கி வில்லேஜ் உணவங்காடி இருக்கிறது. தேங்காய்ப்பால் சோற்றோடு பொரித்த கோழியும் நெத்திலியும் வைக்கும் நாசி லெமாக்குக்குப் பெயர்பெற்ற இடம். ஒருவர் பெட்டிகளோடு மேசையில் உட்கார்ந்துகொண்டால் மற்றவர்கள் போய் வாங்கி வந்துவிடலாம்.